மாத்திரை தீர்ந்த நாள்: மனநல மருந்து குறையும்போது உணவும் துணையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் மனநலப் பிரிவுக்கு வந்தார். கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேர நடை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மகனுக்குப் பதற்ற நோய். எஸ்சிட்டலோபிராம், குளோனசெபாம் என்னும் இரு மாத்திரைகளை ஓராண்டுக்கும் மேலாக உட்கொண்டு, வேலைக்குச் சென்று, நலமாக இருந்தவர். அன்று அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஐந்து இரவுகளாக உறக்கம் இல்லை. தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மின்சாரம் பாய்வதுபோல் இருப்பதாகச் சொன்னார்.

"பழைய நோய் முன்னைவிடப் பலமாத் திரும்பிடுச்சுங்க ஐயா" என்றார் தாய்.

மாத்திரை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்று கேட்டோம். "தீர்ந்து பத்து நாளாச்சுங்க. மழையில வண்டி வரல. நல்லாத்தானே இருக்கான், கொஞ்ச நாள் பொறுத்துப் போகலாம்னு இருந்துட்டோம்" என்று பதில் வந்தது.

யாரும் மருந்தை நிறுத்த முடிவு செய்யவில்லை. அட்டை காலியாயிற்று, அவ்வளவே. ஆனால் மூளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. மருத்துவரின் சொல்லை மீறி நிறுத்தினாலும், மண்சரிவால் பேருந்து வராமல் நின்றுபோனாலும், அதற்கு இரண்டும் ஒன்றுதான். கல்வராயன் மலையில் நாங்கள் காணும் விலகல் அறிகுறிகளில் பெரும்பகுதி இவ்வாறு, எவரும் எண்ணாமல் நேர்ந்தவை. திட்டமிட்டு மருந்தைக் குறைத்துவருவோர் மற்றொரு பகுதியினர். இரு சாராருமே எங்களிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்: என்ன சாப்பிடலாம்? சத்து மாத்திரை ஏதேனும் உதவுமா? இதைக் கடந்து வந்த வேறு யாராவது இருக்கிறார்களா? அவற்றுக்கு விடையளிக்கும் முன், உடலுக்குள் நிகழ்வது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சுமையை இறக்கும் முறை

தலைச்சுமையாக விறகை ஏந்தி மேட்டில் ஏறுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் முதுகும் கால்களும் அந்தச் சுமைக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டிருக்கும். யாரோ பின்னாலிருந்து சுமையைச் சட்டென்று தூக்கிவிட்டால் அவர் தடுமாறுவார். சுமை குறைந்தது நன்மையே; ஆயினும் தடுமாற்றம் பொய்யன்று. பல மாதங்கள் ஒரு மருந்தோடு பழகிய மூளையும் அம்மருந்தைக் கணக்கில் கொண்டே தன் இயக்கத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறது. மருந்து திடீரென விலகும்போது, புதிய நிலைக்குப் பழகும் வரை தடுமாறுகிறது. இதையே விலகல் அறிகுறிகள் என்கிறோம்.

மனச்சோர்வு மருந்துகளை நிறுத்தும்போது தலைசுற்றல், குமட்டல், வியர்வை, தெளிவான கெட்ட கனவுகள், எரிச்சல், காரணமில்லாத அழுகை, மேலே சொன்ன மின் அதிர்வு ஆகியன தோன்றலாம். அனைவருக்கும் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 79 ஆய்வுகளையும் ஏறத்தாழ 21,000 பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மனச்சோர்வு மருந்தை நிறுத்தியோரில் 100-க்கு 31 பேரிடம் அறிகுறிகள் காணப்பட்டன; மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியோரிலும் 100-க்கு 17 பேர் அவ்வாறே கூறினர். கடுமையாக அவதியுற்றோர் ஏறத்தாழ 35 பேரில் ஒருவர். ஆகவே பெரும்பாலோர் எளிதாகக் கடக்கின்றனர். சிலர் மெய்யாகவே துன்புறுகின்றனர். அந்தச் சிலரிடம் "எல்லாம் உன் கற்பனை" என்று சொல்வது கொடுமை.

மருந்துக்கு மருந்து இது மாறுபடும். ஃப்ளூவாக்ஸெட்டின் உடலிலிருந்து வாரக்கணக்கில் மெல்ல வெளியேறுவதால் தடுமாற்றம் குறைவு. அறிகுறி வந்தாலும் தாமதமாகவே வரும். பாராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவை விரைந்து வெளியேறுபவை; ஓரிரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும்.

குளோனசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம், டயசெபாம் முதலிய பதற்றத் தணிப்பு மாத்திரைகள் வேறு வகை. இவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்; வலிப்பு வரக்கூடும். இது புதிதாக அறியப்பட்டதும் அன்று. இவ்வகையின் முதல் மருந்தான குளோர்டயஸிபாக்ஸைடு விற்பனைக்கு வந்த மறு ஆண்டே, 1961-இல், அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டரும் உடன் பணியாற்றியோரும் உயர்ந்த அளவில் அதை உட்கொண்டுவந்த 11 பேருக்குத் திடீரென வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். பத்துப் பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. இன்று அத்தகைய ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அன்று தெரிந்த உண்மை மட்டும் மாறவில்லை.

லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் மனஎழுச்சி நோய் வேகமாகத் திரும்பலாம். குளோசபினைச் சட்டென நிறுத்தினால் குரல் கேட்டல், ஐயம், குழப்பம் ஆகியவற்றோடு வாந்தி, வியர்வை போன்ற உடல் துன்பங்களும் சேர்ந்து வரலாம்.

இது விலகலா, நோயின் மறுவருகையா?

தாய் கேட்ட கேள்வி இதுவே. விடை எப்போதும் எளிதன்று, மருத்துவர்களும் தவறுவதுண்டு. நாங்கள் முதலில் பார்ப்பது நாள்கணக்கை. மருந்து நின்ற அல்லது குறைந்த சில நாள்களுக்குள் தொடங்கினால் விலகல் என ஐயுறுவோம். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல நிகழ்கிறது. அடுத்து, இதற்கு முன் நோயில் ஒருபோதும் இராத உடல் உணர்வுகள் உண்டா எனக் கேட்போம். அந்த இளைஞருக்கு மின் அதிர்வு இதற்கு முன் வந்ததேயில்லை. மூன்றாவதாக, பழைய அளவு மீண்டும் தொடங்கப்பட்ட சில நாள்களில் துன்பம் தணிந்தால், அது விலகல் என்பதற்கு வலுவான அறிகுறி. அவருக்கு நான்காம் நாள் உறக்கம் வந்தது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாள்காட்டியில் மாத்திரை உட்கொண்ட நாளுக்கு ஒரு கோடு, தவறிய நாளுக்கு ஒரு வட்டம், உறக்கம் எத்தனை மணி நேரம் என்று ஓர் எண். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எங்களிடம் அரை மணி நேரம் நினைவுபடுத்திப் பேசுவதைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

மாத்திரை சில நாள் தவறிவிட்டால், விட்டவற்றையெல்லாம் சேர்த்து ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. பழைய அளவைத் தாமாகவே மீண்டும் தொடங்குவதும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால், மிகக் குறைந்த அளவிலிருந்தே மீண்டும் ஏற்ற வேண்டும். லாமோட்ரிஜின் பல நாள் தடைப்பட்டபின் முழு அளவில் தொடங்கினால் கடுமையான தோல் ஒவ்வாமைக்கு இடமுண்டு. தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குறைப்பது என்று முடிவான பின்

மருந்தைக் குறைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. முதல் முறை மனச்சோர்வு வந்து நலமடைந்தவர்களில் பலர் உரிய காலத்துக்குப் பின் நிறுத்தலாம். பதற்றத் தணிப்பு மாத்திரைகளோ முதலிலிருந்தே குறுகிய காலத்துக்கு உரியவை. ஆண்டுக்கணக்கில் நீள்வதைக் குறைப்பதே நல்ல மருத்துவம். ஆனால் எதிர்பார்ப்பு மெய்யானதாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒன்பது மாதங்களுக்கு மேல் மனச்சோர்வு மருந்து உட்கொண்டு நலமாக இருந்த 478 பேரிடம் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தோரில் 100-க்கு 39 பேருக்கும், படிப்படியாக நிறுத்தியோரில் 56 பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இந்த எண்ணை இருபுறமும் படிக்கலாம்: நிறுத்தியோரில் 44 பேர் நலமாகவே இருந்தனர், தொடர்ந்தோரிலும் எல்லோரும் தப்பவில்லை. மனச்சிதைவு மருந்துகளில் தராசு இன்னும் எச்சரிக்கையின் பக்கம் சாய்கிறது. 253 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்தவர்களில் கூட, கடுமையாக நோய் திரும்பி மருத்துவமனையில் சேர்ந்தோர் 100-க்கு 25, தொடர்ந்தோரில் 13.

குறைக்கும்போது கடைசிப் படிகளே கடினம். இதற்கு ஒரு காரணம் உண்டு. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் தான் செயற்பட வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நிரப்புகிறது. அளவை நான்கில் ஒன்றாக, 5 மில்லிகிராமாக, குறைத்தாலும் கிட்டத்தட்ட 60 விழுக்காடு நிரம்பியே இருக்கும். முதல் 15 மில்லிகிராமில் குறைந்தது 20 விழுக்காடு. கடைசி 5 மில்லிகிராமில் குறைவது 60. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் வண்டி, சமவெளி கண்ணில் பட்டவுடன் வேகமெடுப்பதில்லை அல்லவா? இங்கும் அப்படியே. "பாதியாகக் குறைத்தும் ஒன்றும் ஆகவில்லை, மீதியையும் விட்டுவிடலாம்" என்ற எண்ணம்தான் பலரைத் தடுக்கி விழச் செய்கிறது.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை பதற்றத் தணிப்பு மாத்திரைகளிலிருந்து விடுபட விரும்பியோருக்கென ஒரு தனிப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், ஏறத்தாழ 300 பேரின் அனுபவத்திலிருந்து கண்டதும் அதுவே. வேகத்தை முடிவு செய்வதில் நோயாளிக்குப் பங்கிருக்க வேண்டும். இந்த மாதம் குறைக்க வேண்டாம் எனத் தோன்றினால் அப்படியே நிற்கலாம் என்றார் அவர். நாங்களும் அதைப் பின்பற்ற முயல்கிறோம். வீட்டில் மகளுக்குத் திருமணம், அறுவடை, துக்கம் எனில் அந்த மாதம் குறைப்பதை ஒத்திவைப்போம். சொல்லத் தயங்காதீர்கள். மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகை மாத்திரைகளை வீட்டில் உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படியில் உள்ளவை

உணவு விலகல் அறிகுறிகளை நீக்குமா? நீக்காது. அப்படி எந்த உணவும் இல்லை. ஆனால் பசி, நீர்க்குறைவு, இரத்தத்தில் சர்க்கரைத் தாழ்வு, உறக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றும் நடுக்கத்தையும் படபடப்பையும் தாமாகவே உண்டாக்குபவை. விலகலின் தடுமாற்றத்தோடு இவையும் சேர்ந்தால் எது எதனால் என்று பிரித்தறிய இயலாது. அந்தச் சேர்க்கையைத் தடுப்பதே உணவின் பங்கு. அது சிறிய பங்கன்று.

குமட்டல் உள்ளபோது மூன்று வேளை வயிறு நிறைய உண்ணச் சொல்வது வீண். ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். கேழ்வரகுக் கூழில் மோர் சேர்த்தது, சாமைக் கஞ்சி, இட்லி, வேகவைத்த வாழைக்காய் ஆகியவை வயிற்றில் தங்கும். இஞ்சி அல்லது சுக்குத் தட்டிய நீர் குமட்டலை ஓரளவு தணிக்கும். அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. காலையில் எழுந்ததும் வெறுவயிற்றில் பதற்றம் மிகுபவர்கள், படுக்கைக்கு முன் ஒரு குவளை பாலோ ஒரு கை வேர்க்கடலையோ உண்டு பாருங்கள்.

மலையில் மரவள்ளிக்கிழங்கு மலிவு. உழைப்பவருக்கு உடனடி வலுத் தருவது. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கும் தேநீருமாக நாளைக் கழிப்பவர், மருந்து குறையும் மாதங்களிலாவது அதோடு துவரை, அவரை, மொச்சை, கொள்ளு, முட்டை, கடலை ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் இங்கு முன்னோர் உண்டு வாழ்ந்த தானியங்கள். நியாயவிலைக் கடையின் வெள்ளரிசி அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டது. நார்ச்சத்தும் கூடவே போயிற்று. மனநல மருந்துகள் பல மலச்சிக்கலை உண்டாக்குபவை என்பதால், வாரத்தில் சில நாளேனும் அவற்றை மீண்டும் உலையில் ஏற்றுவது நன்று.

வாழைப்பழம் செரட்டோனினைப் பெருக்கும், ஆகவே மாத்திரை வேண்டாம் என்றொரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மையே. ஆனால் உண்ட செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. வாழைப்பழத்தை அதன் சுவைக்காகவும் பசிக்காகவும் உண்ணுங்கள்.

காப்பி, தேநீர் பற்றி ஒரு சொல். உறக்கம் கெட்டிருக்கும்போது நண்பகலுக்குப் பின் அவற்றைத் தவிர்ப்பது உதவும். ஆனால் நாளைக்கு ஆறு குவளை பருகுபவர் ஒரே நாளில் நிறுத்தினால், தலைவலியும் சோர்வும் வரும். அதுவும் ஒரு விலகலே. இரண்டையும் ஒரே வாரத்தில் குறைக்காதீர்கள்.

லித்தியம் உட்கொள்வோர் உப்பையும் நீரையும் ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். உப்பில்லா விரதம், வெயிலில் நீரின்றி உழைத்தல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் உடலில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் இரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம். திடீரென உப்பு கூடினால் லித்தியத்தின் அளவு குறையும். விரதம் இருக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். தெய்வத்துக்கும் உடலுக்கும் ஊறின்றி ஒரு வழி காணலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் மாத்திரைகளும் லித்தியத்தைத் தேங்கச் செய்பவை. ஓலான்சபின், குளோசபின் உட்கொள்வோர் பீடி, சிகரெட்டை நிறுத்தினால் இரத்தத்தில் அம்மருந்துகளின் அளவு உயரும். நிறுத்துவது நல்லதே, நிறுத்தும் நாளை எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

உறக்கம் வராத இரவுகளுக்குச் சாராயத்தை மருந்தாக நினைப்போர் உள்ளனர். இந்த மாவட்டத்தில் இதை மெல்லிய குரலில் சொல்ல முடியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நஞ்சு கலவாத மதுவும் குளோனசெபாம் போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சை ஒடுக்கும். முதல் பாதி இரவு உறங்கவைத்து மறுபாதியைக் கெடுக்கும். நாள்தோறும் குடிப்பவர் அதையும் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. அவருக்கு மருத்துவமனையில் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி தேவைப்படும். சத்து மருந்து ஒன்று மெய்யாகவே மூளையைக் காக்கும் இடம் அது.

சத்து மாத்திரைகள்: வாங்கும் முன்

மற்ற இடங்களில் சத்து மாத்திரைகளின் பெயர் பெரிது, சான்று சிறிது. மனநல மருந்தின் விலகலைத் தணிப்பதாக நிறுவப்பட்ட சத்து மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. ஒமேகா-3 கொழுப்பு, மனச்சோர்வு சிகிச்சைக்குத் துணையாகச் சிலருக்கு ஓரளவு உதவலாம் என்கின்றன சில ஆய்வுகள். விலகலுக்கு உதவும் என்பதற்குச் சான்றில்லை. அதை விலையுயர்ந்த குப்பியில் தேடுவதைவிடச் சந்தையில் மத்தி கிடைக்கும் நாளில் வாங்கிக் குழம்பு வைக்கலாம். மெக்னீசியம், மெலட்டோனின் பற்றிய செய்திகளும் உறுதியானவை அல்ல.

குறைபாடு உள்ளவருக்குக் குறைபட்டதைக் கொடுப்பது முற்றிலும் வேறு செய்தி. இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு ஆகியவை சோர்வு, படபடப்பு, மறதி, கை கால் மதமதப்பு என விலகலைப் போலவே வேடமிட்டு வரும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் உட்கொள்வோருக்கும், முட்டையும் பாலும் அரிதாகவே உண்போருக்கும் பி12 குறைவு வர வாய்ப்புண்டு. இரும்புச்சத்துக் குறைவு, இரவில் கால்கள் ஓரிடத்தில் நில்லாத தவிப்பைக் கூட்டும். ஒரு இரத்தப் பரிசோதனை இவற்றைச் சொல்லிவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு உட்கொள்ளாதீர்கள், உடலில் சேராது.

மூலிகைகளைப் பழிக்கும் எண்ணம் எங்களுக்கில்லை. மலையில் அவற்றை எங்களைவிட நன்கு அறிந்தோர் இருக்கின்றனர். ஆயினும் அமுக்கராக் கிழங்கு உறக்கத்தைக் கூட்டும், தைராய்டு அளவையும் மாற்றலாம். பதற்றத் தணிப்பு மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் மிகும். இணையத்தில் விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்னும் மேல்நாட்டு மூலிகையும், 5-ஹெச்டிபி என்னும் மாத்திரையும் மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் கொண்ட ஆபத்தான நிலை உண்டாகலாம். திட்ட மாட்டோம். எதை உட்கொள்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

உடன் நடப்பவர்

அந்தத் தாய் போகும்போது கேட்டார்: "இந்த மாத்திரை சாப்பிடுற வேற யாராச்சும் எங்க பக்கம் இருக்காங்களா?" யார் பெயரையும் நாங்கள் சொல்லவியலாது. ஆனால் காத்திருப்போர் வரிசையில் அவருக்கு இரண்டு பேர் முன்னால் அமர்ந்திருந்தவர் அவர் செல்லும் அதே பேருந்தில் ஏறுபவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் ஒரே பேருந்தில் வந்தும் இருவரும் ஒருவரையொருவர் காணாததுபோல் அமர்ந்திருந்தனர். இந்நோயின் வெட்கம் அத்தகையது.

துன்பத்தைக் கடந்தவர் அதில் இருப்பவருக்குத் துணையாவது மருத்துவத்துக்குப் புதிதன்று. குடிநோயாளிகள் கூடிப் பேசும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் இருவரின் உரையாடலில் தொடங்கியது. இன்று தமிழகத்தின் பல ஊர்களிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஜிம்பாப்வே நாட்டில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா, மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நிலையில், பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்துச் சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர இருக்கையில் அமரச் செய்தார். மனச்சோர்வுற்றோர் அவர்களோடு பேசி நலம் பெற்றதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இருக்கை மருந்தின் விலகலுக்காக அமைந்ததன்று. எனினும் மருத்துவர் தொலைவில் இருக்கும் மலையூருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: செவி கொடுக்கும் அயலார், வழக்கமான இடம், குறித்த நேரம்.

சென்னையில் 1984-இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு நோயில் குடும்பத்தாரையும் சிகிச்சையின் பங்காளிகளாகக் கருதிப் பணியாற்றி வருகிறது. பெருநகரில் இயன்றது மலையில் வேறு வடிவம் கொள்ளலாம். இங்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன; மாதந்தோறும் கூடும் பழக்கமும் கணக்குப் புத்தகமும் உள்ளன. ஒரே திசையிலிருந்து வரும் இரு குடும்பங்கள் சம்மதித்தால், ஒருவர் வர இயலாத மாதத்தில் மற்றவர் மருத்துவர் அனுமதித்த மருந்தைச் சீட்டோடு வாங்கிச் செல்ல ஏற்பாடு செய்யலாம். பத்து நாள் இடைவெளி அந்த இளைஞருக்கு நேர்ந்திருக்காது.

துணை நிற்போர் மூன்று செயல்களைத் தவிர்க்க வேண்டும். மாத்திரையைக் கடனாகக் கொடுக்காதீர்கள். நிறம் ஒன்றாயினும் அளவு வேறாக இருக்கலாம். "நான் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன்" என்று வேகத்தை ஒப்பிடாதீர்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். மற்றபடி பெரிய ஆலோசனை எதுவும் தேவையில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்றாம் வாரம் தணிந்தது" என்று கடந்து வந்த ஒருவர் சொல்லும்போது, நாங்கள் பத்து முறை சொன்னதைவிட அது உள்ளே இறங்குகிறது. எங்களுக்கு இதில் சற்றுப் பொறாமையும் உண்டு.

வீட்டில் இருப்போருக்கு இன்னொன்று. எரிச்சலும் கடுஞ்சொல்லும் விலகலின் பகுதியாக இருக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை. அந்த வாரத்தில் நிலப் பேச்சையும் கடன் பேச்சையும் எடுக்காமல் இருந்தால் போதும். இரவு முழுவதும் ஒருவரே கண்விழிக்காமல் மாறி மாறி இருங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

வலிப்பு, ஆள், இடம், நேரம் தெரியாத குழப்பம், காய்ச்சலோடு உடல் விறைப்பு, இரண்டு மூன்று இரவு உறங்காமலேயே மிகுந்த உற்சாகம், இல்லாத குரல் கேட்டல், உண்ணவும் பருகவும் மறுத்தல், உயிரை விடும் பேச்சு. இவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று இராதீர்கள். உயிரை விடும் எண்ணத்தைச் சொல்பவரைத் தனியே விடாதீர்கள்; பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். கருவுற்றிருப்பது தெரிந்த பெண்கள் அச்சத்தில் அன்றே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கானவை என்பது உண்மை, ஆனால் மாற்றுவதை மருத்துவர் செய்ய வேண்டும். அந்த வாரமே வாருங்கள்.

அவசரமில்லாத ஐயங்களுக்கு, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாத்திரை தீர்ந்துவிடும், மலையிறங்க வழியில்லை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவோடு அவர்கள் தொடர்பு கொள்ள முடியும். வெளியூர் வேலைக்குச் செல்வோர் புறப்படும் முன்பே சொன்னால், கூடுதல் நாள்களுக்கு மருந்து தர இயலுமா என்று பார்ப்போம். சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது குளோனசெபாமை மெல்லக் குறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை குறைத்தாயிற்று. மூன்றாவது முறை உறக்கம் கெட்டதால் ஆறு வாரம் அப்படியே நிறுத்திவைத்தோம். எஸ்சிட்டலோபிராமில் இப்போதைக்குக் கை வைக்கவில்லை. அவருடைய தாய் சமையற்கட்டுக் கதவில் நாள்காட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார். அட்டையில் பத்து மாத்திரை மீதமிருக்கும் நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்; அன்றைக்கே மலையிறங்கிவிடுவார்களாம். வரும்போது அந்தத் தாளையும், மீதமுள்ள மாத்திரைகளையும், வீட்டிலுள்ள மற்ற எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துவருகிறார். நீங்களும் அப்படியே எடுத்துவாருங்கள்.